எட்டணாக் கணக்கு

கீழ்த்திருப்பதியில் ஒருவர் ஐ.பி. போட்டுவிட்டார் என்றால், கோர்ட் நோட்டீஸ் தபாலில் வந்து சேர்வதற்கு முன்பே செய்தி கடைத்தெருவைச் சுற்றிவிடும். காந்தி ரோட்டில் கடைக்குக் கடை ஆட்கள் கூடி நின்று பேசுவார்கள். யாருக்கு எவ்வளவு போயிற்று, எந்தச் சீட்டு நின்றது, யார் வீட்டுக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று பொழுது சாய்வதற்குள் கணக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார் என்பார்கள். எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்குத் தமிழ் பேசும் வீட்டிலும் தெலுங்கு பேசும் வீட்டிலும் அது ஐ.பி.தான். இன்சால்வன்சி பெட்டிஷன். வாங்கிய கடனை என்னால் கட்ட முடியாது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்கும் மனு.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கே பழகிய முதல் வேலைகளில் ஒன்று இந்த மனுவை டைப் அடிப்பது. மனுவோடு இரண்டு பட்டியல் சேர்க்க வேண்டும். ஒன்றில் கடன் கொடுத்தவர்களின் பெயர், விலாசம், தொகை. மற்றதில் மனு போடுபவருக்கு இருக்கும் சொத்து. முதல் பட்டியல் பக்கம் பக்கமாகப் போகும். இரண்டாவது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்: மர நாற்காலி 2, மேஜை 1, கைக்கடிகாரம் 1, சமையல் பாத்திரங்கள். தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்து நொடித்துப்போனவரின் பட்டியலும் அப்படித்தான் இருக்கும். காரில் வந்து இறங்கும் வியாபாரியின் பட்டியலும் அப்படியேதான் இருக்கும். சைக்கிள் கடைக்காரருக்கு அந்த அரைப் பக்கம் முழு உண்மை. மற்றவருக்கு அது ஒரு வருஷமாக யோசித்துத் தயாரித்த காகிதம்.

அப்படி ஒரு பட்டியலில்தான் என் பெரியம்மாவின் பெயர் வந்தது.

பெரியம்மா அலிபிரியில், படிக்கட்டு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தார். கடை என்றால் நான்கு மூங்கில், ஒரு தார்ப்பாய், ஒரு பலகை. தேங்காய், கற்பூரம், படிக்குப் படி தடவிக்கொண்டு போகிறவர்களுக்கு மஞ்சள் குங்குமப் பொட்டலம். திருத்தணி, அரக்கோணம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற கூட்டம் விடிகாலையில் வந்துவிடும் என்பதால் மூன்றரை மணிக்கே விளக்கை ஏற்றிவிடுவார். பாதால மண்டபத்தில் பெருமாளின் பாதுகையைத் தலையில் வைத்துச் சுற்றிவிட்டு, கோவிந்தா போட்டுக்கொண்டு 3,550 படியையும் ஏறப் புறப்படுகிறவர்கள் அவரிடம் தேங்காய் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தச் சில்லறையில் சேர்த்த 5,000 ரூபாயைக் காந்தி ரோட்டு ஜவுளிக்காரர் ஒருவரிடம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கொடுத்து வைத்திருந்தார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். பெண்ணின் கல்யாணத்துக்கான பணம். ஜவுளிக்காரர் புரோநோட்டு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். மாதம் பிறந்தால் வட்டி வீடு தேடி வரும். ஆறேழு வருஷம் அப்படித்தான் நடந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆடி மாதம் வட்டி வரவில்லை. ஆவணியிலும் வரவில்லை. புரட்டாசியில் சப் கோர்ட் நோட்டீஸ் வந்தது. பெரியம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இதுல என்னடா போட்டிருக்கு?"

"அவரால கட்ட முடியலையாம் பெரியம்மா. கோர்ட்ல சொல்லிட்டாரு."

"முடியலைன்னா என் வீட்டுக்கு வந்து சொல்லக்கூடாதா? நான் என்ன அடிச்சிடப் போறேனா?"

பட்டியலில் அறுபதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். பூக்காரர், தேவஸ்தானத்தில் ஓய்வு பெற்ற கடைநிலை ஊழியர், டீக்கடைக்காரர், இரண்டு டீச்சர்கள், விதவைகள் பலர். ஊரில் பெரிய வட்டிக்கடைக்காரர் ஒருவர் பெயரும் இல்லை. அவர்களுக்கு முன்பே ரகசியமாகப் பணம் போயிருந்தது என்று பின்னால் தெரிந்தது. அவர்களை ஏமாற்றிவிட்டு இந்த ஊரில் மறுபடி தொழில் பண்ண முடியாது. தேங்காய்க்காரியை ஏமாற்றிவிட்டுப் பண்ணலாம்.

இந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம் இது. மதராஸ், பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1909லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மற்ற ஊர்களுக்கு 1920 சட்டம். எங்கள் சித்தூர் 1911இல் வடஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பின்னால் ஆந்திரத்துக்குப் போனது. 2022இல் திருப்பதியே தனி மாவட்டமாகிவிட்டது. எல்லையும் ஆட்சியும் இத்தனை மாறியும் கடனில் மூழ்கியவனுக்கு இன்றைக்கும் அதே 1920 சட்டம்தான். 500 ரூபாய்க்குக் குறையாத கடன் இருந்து, கட்ட வழி இல்லை என்றால் மனு போடலாம். சொத்து ரிசீவர் கைக்குப் போகும். விற்று, கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கிடுவார்கள். கடனாளியைக் கைது செய்யாமல் கோர்ட் பாதுகாப்பு கொடுக்கலாம். கடைசியில் விடுதலை உத்தரவு கேட்கலாம்.

அந்த விடுதலை உத்தரவில்தான் சட்டம் மனுஷனைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. 42ஆம் பிரிவைப் படித்தால் ஒரு வீட்டுப் பெரியவர் உட்கார்ந்து விசாரிப்பது போலிருக்கும். ரூபாய்க்கு எட்டணாவாவது தேறுமா? தேறாவிட்டால் அது உன் கையை மீறிய காரணத்தாலா? ஒழுங்காகக் கணக்கு எழுதினாயா? நொடித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் கடன் வாங்கிக்கொண்டே இருந்தாயா? சூதாடினாயா? தகுதிக்கு மீறிச் செலவு செய்தாயா? இவற்றுக்குப் பதில் சரியில்லை என்றால் முழு விடுதலை கிடையாது. மோசடியால் வந்த கடன் விடுதலைக்குப் பிறகும் தீராது. நேர்மையாகத் தோற்றவனுக்கு மறுவாழ்வு, ஏமாற்றுகிறவனுக்குக் கிடையாது. 1920இல் இதை எழுதியவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் எங்கள் ஜவுளிக்காரர் அந்த வாசல் வரைக்கும் போகவே இல்லை. அவருக்கு வேண்டியது விடுதலை உத்தரவு அல்ல, அவகாசம். சொத்தை வேறு பெயருக்கு மாற்றிய இரண்டு வருஷத்துக்குள் மனு போட்டால் அந்த மாற்றத்தை ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம் என்று 53ஆம் பிரிவு சொல்கிறது. அவர் வீட்டை மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவைத்து, இரண்டு வருஷமும் சில வாரமும் கழியும் வரை எங்கள் வீடுகளுக்கு மாதாமாதம் வட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த வட்டி எங்களை அமைதியாக வைத்திருக்கக் கொடுத்த பணம். அதை நினைத்தால்தான் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. வியாபாரத்தில் நஷ்டம் வந்தவரை மன்னிக்கலாம். காலண்டரைப் பார்த்துக்கொண்டு பெரியம்மாவுக்கு வட்டி அனுப்பியவரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வழி அடைந்துவிடவில்லை என்று எங்கள் வக்கீல் சொன்னார். சொத்து மாற்றச் சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு, அதன் எண்ணும் 53தான். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தை மாற்றியிருந்தால் அதன்படி வழக்குப் போடலாம். ஆனால் வழக்குக்குச் செலவு உண்டு. தொகைக்கு ஏற்ற ஸ்டாம்பு, வக்கீல் பீஸ், வாய்தாவுக்கு வாய்தா கடையை மூடிவிட்டு வரும் நாட்கள். அறுபது பேரும் சேர்ந்தால் முடியும். சேரவில்லை. பூக்காரர் முதல் வாய்தாவுக்கு வந்தார், இரண்டாவதுக்கு வரவில்லை. பெரியம்மா மூன்று வாய்தாவுக்கு வந்தார். அந்த மூன்று நாளும் அலிபிரியில் கடை இல்லை. நான்காவது வாய்தாவுக்கு, "போதும்டா, வித்த தேங்காய விட விக்காத தேங்காய் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். அவ்வளவுதான். சட்டத்தில் ஓட்டை இருந்தது என்று பேசுகிறோம். ஓட்டையை அடைக்கிற பிரிவும் அதே அலமாரியில்தான் இருந்தது. அதை எடுத்துப் பிரிக்கப் பணமும் நேரமும் உள்ளவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தார்கள்.

இதே பெரியம்மாவுக்கு ஒரு கடனும் இருந்தது. தேங்காய் மண்டியில் சரக்கு எடுத்த வகையில் கைநாட்டு வைத்துக் கொடுத்த புரோநோட்டு, 1,200 ரூபாய். மண்டிக்காரர் இறந்துபோனார். பிள்ளைகள் வெளியூரில். நோட்டு எழுதி மூன்று வருஷம் தாண்டிவிட்டது, நடுவில் பின்புறம் வரவு எதுவும் வைக்கவில்லை. எங்கள் ஆபீஸ் பெரிய குமாஸ்தா நோட்டின் நகலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: "காலாவதி ஆயிடுச்சும்மா. இனிமே கேஸ் நிக்காது. புதுசா எதுவும் எழுதிக் குடுத்துடாதீங்க, குடுத்தா செத்த நோட்டுக்கு மறுபடி உசுரு வந்துடும்."

அவர் சொன்னது சட்டப்படி சரி. 1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் மூன்று வருஷம் என்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காலாவதியான கடனையும் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் செல்லும் என்கிறது.

பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவரு காயக் குடுத்தாரு, நான் வித்தேன், காசும் வாங்கினேன். நடுவுல கோர்ட்டு எங்கேருந்து வந்துச்சு?" என்றார். அந்தப் பிள்ளைகளின் விலாசத்தை விசாரித்து வாங்கி, புரட்டாசி பிரம்மோற்சவக் கூட்டத்தில் வந்த வரும்படியிலிருந்து மணியார்டர் செய்யத் தொடங்கினார். அடுத்த புரட்டாசியில் முடித்தார். ஜவுளிக்காரரிடம் 5,000 ரூபாய் போன பிறகு நடந்தது இது.

பெரியம்மா அப்போது உணர்ந்தே சொன்னதைச் சட்டப் புத்தகமும் சொல்கிறது என்று பின்னாளில் எனக்குப் புரிந்தது. காலவரம்பு தாண்டினால் வழக்குப் போடும் வழிதான் அடைபடும், கடன் அழியாது. காலாவதியான கடனை ஒருவர் கட்டிவிட்டு, "கட்ட வேண்டியதில்லாமல் கட்டிவிட்டேன், திருப்பிக் கொடு" என்று கேட்க முடியாது. ஏனென்றால் அவர் உண்மையிலேயே கொடுக்க வேண்டியதைத்தான் கொடுத்திருக்கிறார். பழைய சாட்சிகள் செத்து, காகிதம் செல்லரித்த பிறகு யாரும் யார் மேலும் பொய்யாக வழக்குப் போடக்கூடாது என்பதற்காக வைத்த கெடு அது. வாங்கியது நினைவில் இருக்கிறவருக்காக வைத்தது அல்ல.

எங்கள் ஊரில் கடனைப் பற்றிப் பேசினால் குபேரன் வராமல் இருக்க மாட்டார். பத்மாவதியைக் கல்யாணம் பண்ண சீனிவாசப் பெருமாள் குபேரனிடம் ஒரு கோடியே 14 லட்சம் பொன் கடன் வாங்கினார், பிரம்மாவும் சிவனும் சாட்சி, கலியுகம் முடியும்வரை உண்டியல் பணத்தில் வட்டி போகிறது என்பது கதை. இதைக் கடன் கொடுத்தவரும் சொல்வார், கடன் வாங்கியவரும் சொல்வார். ஜவுளிக்காரர் கடையில் அந்தக் கல்யாணப் படம் கல்லாவுக்கு மேலேயே மாட்டியிருந்தது. கதையில் எனக்குப் பிடித்த இடம், கடன் வாங்கியவர் யார் என்று பார்க்காமல் பத்திரமும் சாட்சியும் கேட்டார்கள் என்பதுதான்.

இத்தனையும் சொன்னதால், கடனிலிருந்து சட்டத்தின் வழியாக வெளியே வருகிறவர்கள் எல்லோரும் ஜவுளிக்காரர்கள் என்று நான் நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1929க்குப் பிறகு விளைச்சலுக்கு விலை விழுந்து, வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போன காலத்தில் எங்கள் மாவட்டம் மதராஸ் மாகாணத்தில் இருந்தது. ராஜாஜி மாகாணப் பிரதமராக இருந்த அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன் என்றால், 1937 அக்டோபர் வரை நின்றிருந்த வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கடன் கொடுத்தவர்கள் அன்றைக்கு இதைப் பகல் கொள்ளை என்றார்கள். என் தாத்தா நிலத்தை மீட்டது அந்தச் சட்டத்தால்தான். வாங்கியதைப் போல் இரண்டு பங்கு கட்டியவர் இன்னும் கடனாளியா என்று கேட்டால், சட்டம் வருவதற்கு முன்பும் பதில் 'இல்லை' என்பதுதான். சட்டம் அதைத் தாமதமாக ஒப்புக்கொண்டது.

1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கொடுத்த தீர்ப்பையும் அந்த வரிசையில் வைக்கிறேன். கையில் இல்லாததால் கட்டாதவனைச் சிறையில் போடக்கூடாது, இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறைப்பவன் வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. அதற்கும் முன்பிருந்தே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஜப்திக்கு வருகிறவர்கள் தொடக்கூடாத பொருள்களைச் சொல்லி வைத்திருக்கிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவி, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை. அமீனாவோடு நானே போன வீடுகளில் தாலியைத் தொடாமல் திரும்பியிருக்கிறோம். இவற்றை ஓட்டை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இது முடியாதவனுக்காக வைத்த வாசல். முடிந்தவன் அதில் நுழையும்போதுதான் அது ஓட்டையாகிறது.

இப்போதைய அலிபிரிக்கு வருகிறேன். தார்ப்பாய்க் கடைகள் இருந்த இடம் அடையாளம் தெரியாது. பெரிய கருடன் சிலை, வண்டிகளைச் சோதிக்கும் வரிசை, ஊருக்குள்ளிருந்து இறங்கும் சீனிவாச சேது மேம்பாலம். தேங்காய்க்கு க்யூஆர் கோடு. என் தங்கையின் பேரன் இங்கேதான் மலைக்கு டாக்சி ஓட்டுகிறான். வயது இருபத்தாறு. போன வருஷம் ஒரு ராத்திரி வந்து, போனை என் கையில் கொடுத்தான்.

"தாத்தா, நான் ஐ.பி. போட்டுடலாமா?"

கார் கடன், ஒரு கிரெடிட் கார்டு, போன் ஆப்பில் வாங்கிய மூன்று கடன்கள், கூட ஓட்டும் நண்பனிடம் 40,000 கைமாத்து, என் தங்கையின் சங்கிலி அடகில். மூன்று ஆப்களில் ஒன்றில் 10,000 கேட்டிருக்கிறான், கைக்கு வந்தது 6,500, ஏழு நாளில் 10,000 கட்ட வேண்டும். கட்டாததால் அவன் போனிலிருந்த எண்களுக்கெல்லாம் அவன் படத்தை அசிங்கமாக வெட்டி ஒட்டி அனுப்பியிருந்தார்கள். எனக்கும் வந்திருந்தது. அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கடனைத் தீர்த்துத் தருகிறோம் என்று ஒரு ஆள் அவனைப் பிடித்திருக்கிறார். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவன் நோட்டில் எழுதி வைத்திருந்தான். எல்லாத் தவணையையும் நிறுத்து. சிம்மை மாற்று. ஆறு மாதம் போனால் வங்கி பாதிக்கும் கீழே இறங்கி வரும். அதற்கும் ஒத்துவராவிட்டால் ஐ.பி. போடுவேன் என்று மிரட்டு. அப்பா வாங்கிப்போட்ட மனையில் உன் பங்கை இப்போதே அம்மா பெயருக்கு எழுதிவிடு. நண்பனுக்கு? அவனிடம் காகிதம் இல்லை, அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசி இரண்டு வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வியாபாரி வக்கீலைக் கலந்து செய்ததை இன்று ஒரு டாக்சி டிரைவருக்கு மாதக் கட்டணத்தில் சொல்லித் தருகிறார்கள். அதிகமாகக் கத்துகிறவனுக்கு முதலில் கொடு, சத்தம் போடாதவனைக் கடைசியில் தள்ளு. காகிதம் இல்லாத நண்பன்தான் இந்தக் கணக்கில் பெரியம்மா.

அவனை உட்காரவைத்து நான் ஒரு பட்டியல் எழுதினேன். யாரிடம் வாங்கியது, கைக்கு நிஜமாக எவ்வளவு வந்தது, இதுவரை எவ்வளவு கட்டியது. சட்ட நோட்டீஸ்களில் இருக்கும் தொகையை நாங்கள் எழுதவில்லை. ஏழு நாள் ஆப்புக்கு அவன் வாங்கியதைவிட அதிகமாக ஏற்கெனவே போயிருந்தது. அதற்கு இனிமேல் ஒரு ரூபாய்கூட இல்லை என்று நானே அடித்துவிட்டேன். கடன் கொடுக்கும் ஆப் போனிலுள்ள எண்களை எடுக்கவே கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டுவிட்டது. மிரட்டலுக்கு 1930க்குப் போன் செய்து புகார் பதிவு செய்தோம். அந்தக் கடனைக் கட்டாமல் விட்டதில் எனக்குக் கொஞ்சமும் உறுத்தல் இல்லை.

கிரெடிட் கார்டு வேறு. அதில் அவன் செலவு செய்திருக்கிறான், விதிமுறைக்கு உட்பட்ட வங்கி அது. வசூலுக்கு வருபவர்கள் காலை எட்டுக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்ற விதி இருக்கிறது, அதைச் சொல்லி நிறுத்தச் சொன்னோம். கடனை மறுக்கவில்லை. பெரிய வங்கிதானே, அவர்களுக்கு இது என்ன நஷ்டம் என்று அவன் கேட்டான். சிலர் இதை நியாயமாகவே கேட்கிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. வங்கிக்கு இது கணக்கில் ஒரு வரி. தேங்காய்க்காரிக்குப் போனது ஒரு கல்யாணம். இரண்டும் ஒரே கனமுள்ள கடன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட்ட முடிகிறவன் கட்டாமல் விட்டதை அடுத்த டிரைவருக்குக் கடன் கொடுக்கும்போது வட்டியில் ஏற்றுவார்கள். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு நுண்கடன் கம்பெனிகளுக்கு எதிராக அவசரச் சட்டம் போட்டபோது இதை இன்னொரு விதமாகப் பார்த்தோம். மிரட்டி வசூலித்தார்கள், தற்கொலைகள் நடந்தன, சட்டம் தேவையாக இருந்தது. ஆனால் தவணை கட்டுவது அடியோடு நின்றது, கம்பெனிகளும் கடன் கொடுப்பதை நிறுத்தின. நியாயமாகக் கட்டிக்கொண்டிருந்த பெண்களும் மறுபடி மீட்டர் வட்டிக்காரரிடமே போய் நின்றார்கள்.

ஐ.பி.க்கு வருவோம். பையனுக்கு அது உதவுமா என்று நிஜமாகவே பார்த்தேன். அவனைப் போன்றவர்களுக்காகத்தான் 2016ஆம் வருஷத்து நொடிப்பு, திவால் சட்டத்தில் ஒரு புது வழி எழுதப்பட்டது. வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள் இருந்தால் கடனைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். இவனுக்கே பொருந்தாத அளவுக்குச் சின்னத் தொகைகள். போகட்டும். அந்தச் சின்ன வாசலையாவது திறந்தார்களா? இல்லை. தனிமனிதர்களுக்கான அந்தப் பகுதியில், கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் நின்றவர்களுக்கான பிரிவுகள் மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தன. தேங்காய்க் கடைக்கும் டாக்சிக்கும் உரியது காகிதத்தில் கிடக்கிறது.

கம்பெனிகளுக்கான பகுதி 2016 டிசம்பரிலேயே அமலாகிவிட்டது. அதன் கீழ் தீர்வு கண்ட வழக்குகளில் கடன் கொடுத்தவர்களுக்கு ஏற்கப்பட்ட கோரிக்கைத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் சராசரியாகத் திரும்பியிருக்கிறது. எங்கள் பழைய கணக்கில் ரூபாய்க்கு ஐந்தணா. கடனை நிலுவையில் வைத்தவர்களே தங்கள் கம்பெனியை அடிமாட்டு விலைக்குத் திரும்ப வாங்கும் வழி இருந்தது. 2017 நவம்பரில் அவசரமாக 29ஏ பிரிவைச் சேர்த்து அதை அடைத்தார்கள். பெரிய இடத்து ஓட்டை ஒரு வருஷத்தில் அடைபட்டது, நல்லதுதான். சைக்கிள் கடைக்காரரிடம் எட்டணா கேட்ட சட்டம் கம்பெனிக்கு ஐந்தணாவில் கையெழுத்துப் போடுகிறது. தொழில் பிழைக்க வேண்டும், வேலை பிழைக்க வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். டாக்சி ஓட்டுகிறவனுக்கும் அதே காரணம் உண்டு என்பதை யார் எழுதப் போகிறார்கள்? அவன் கையில் இருப்பது நூறு வருஷத்துக்கு முந்தைய சட்டமும் மாதக் கட்டணக்காரரின் பாடமும்தான். பாடத்தைப் படித்தவனைத் திட்டுவதற்கு முன் வாசலைப் பூட்டி வைத்தவர்களிடம் நான் கணக்குக் கேட்பேன்.

பையன் மனையை எழுதி வைக்கவில்லை. மாதக் கட்டணக்காரரை நிறுத்தினான். நண்பனுக்கு முதலில் கொடுப்பது என்று நான் சொன்னபோது முகம் சுருங்கியது, "அவன் கேக்கவே இல்ல தாத்தா" என்றான். என் தங்கை உள்ளேயிருந்து வந்தாள். "கேக்காதவன் கடனத்தான்டா முதல்ல குடுக்கணும். என் சங்கிலி கடைசியில வரட்டும்" என்றாள். புரட்டாசி சனிக்கிழமைகளில் ராத்திரியும் ஓட்டி, கார்த்திகைக்குள் நண்பனின் 40,000 முடிந்தது. மற்ற இரண்டு ஆப்களும் பதிவான நிறுவனங்கள். அவற்றுக்கு அசலும் எழுதிக் கொடுத்திருந்த வட்டியும் மட்டும் கட்டினான், அபராதத்தை எதிர்த்து எழுதினான், அவர்கள் அபராதத்தை விட்டுவிட்டார்கள்.

வங்கி இப்போது ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. நிலுவையில் நாற்பத்தைந்து சதவீதம் ஒரே தவணையாகக் கட்டினால் போதும், ஆனால் சிபில் கணக்கில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்' என்று வரும். ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். முழுதும் கட்ட முடியாது என்பது உண்மையானால் வாங்கிக்கொள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றேன். முடியுமா முடியாதா என்பது உனக்குத்தான் தெரியும், உட்கார்ந்து கணக்குப் போடு என்றேன். போட்டான். இரண்டு வருஷம் கொடுத்தால் முழுதும் கட்டலாம் என்று வந்தது. தவணை கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கிளைக்குப் போகிறோம். மேனேஜர் ஒத்துக்கொள்ளாவிட்டால் லோக் அதாலத்தில் மனு வைப்பதாக உத்தேசம்.